உஷார் மக்களே: ஜன்னல் இடுக்கு அடைக்க 23,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

ராத்திரி 2 மணிக்கு ஹாலில் உட்கார்ந்து பழைய வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தூக்கமில்லை. யாரும் இனி இப்படி ஏமாறக் கூடாது, என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆத்திரத்தில் எவ்வளவு வருமோ தெரியாது.

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி. ஐந்து அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல், வீடு கட்டும்போது பில்டர் போட்டது. ஷட்டரின், அதாவது நகரும் கண்ணாடிக் கதவின், ஓரத்தில் பிரஷ் மாதிரி ஒரு நார்ப்பட்டை இருக்கும், அது தேய்ந்து மொட்டையாகிவிட்டது. மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து மூடின ஜன்னல் வழியாகவே புழுதி வரும். காலையில் துடைத்த டிவி ஸ்டாண்டில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். கத்திரி வெயிலில் ஏசி ஓடிக்கொண்டே இருந்தும் ரூம் குளிரவில்லை. இரண்டு மாத ஈபி கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் ரேட்டே மாறிவிடும், எனக்குத் தாண்டியது. அதனால் மழைக்கு முன்னாடி இடுக்கை எல்லாம் அடைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் புக் செய்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. செப்டம்பர் கடைசியில் ஒருவர் பார்க்க வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். அம்மாவுக்கு அங்கேயே பிடித்துப்போய்விட்டது.

"அம்மா, ஒரு ஊதுபத்தி கிடைக்குமா?" என்று கேட்டார். பூஜை ரூமிலிருந்து அம்மாவே கொளுத்திக்கொண்டு வந்து கொடுத்தார். ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூடின ஜன்னலின் ஓரமாக அதை மெதுவாக மேலிருந்து கீழே இறக்கினார். சாயங்காலக் கடற்காற்று நேரம். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை, இரண்டு ஷட்டர் சேரும் இடத்தில் சட்டென்று வளைந்து ரூமுக்குள் ஓடியது. "பாத்தீங்களா சார், புகை பொய் சொல்லாது" என்றார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். இப்போதும் சொல்கிறேன், அந்த டெஸ்ட் உண்மை. காற்று எங்கே நுழைகிறது என்று யார் வேண்டுமானாலும் அப்படிப் பார்க்கலாம். அவர் காட்டிய நோய் நிஜம், மருந்துதான் போலி.

அம்மா காபி கொடுத்தார். குடித்துக்கொண்டே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆப்ல போனா அவங்க கமிஷன் போக 27,000 ஆகும் சார். நீங்க புக்கிங்கை கேன்சல் பண்ணிடுங்க, நான் நேரா 23,400-க்கு முடிச்சுத் தரேன்" என்றார். பிரஷ் எல்லாம் புதுசு, கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பர், வெளியே சுவர் ஓரம் இடுக்கை அடைக்க மழை தாங்கும் சிலிக்கான் பசை, ஐந்து வருட வாரண்டி. 3,600 ரூபாய் மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டது. கேன்சல் பட்டனை என் விரலாலேயே அழுத்தினேன். 15,000 அட்வான்ஸை ஜிபேயில் அனுப்பினேன். யாரைத் திட்டினாலும் இதற்கு மட்டும் என்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாள் கழித்து இரண்டு பையன்கள் வந்தார்கள், அவர் வரவில்லை. நான் ஆபீஸ் காலில் இருந்தேன். மூன்று மணி நேரத்தில் ஐந்து ஜன்னலும் முடிந்தது என்றார்கள். வீடு முழுக்கப் புளிப்பு வாடை. அம்மா மட்டும், "என்னடா, ஊறுகாய் ஜாடி உடைஞ்ச மாதிரி நாறுது" என்றார். புது மெட்டீரியல் அப்படித்தான் இருக்கும் என்று அம்மாவுக்கு நான் விளக்கம் வேறு கொடுத்தேன். மீதி 8,400-யும் அனுப்பினேன். ஆக 23,400. லேமினேட் போட்ட வாரண்டி கார்டு ஒன்று கைக்கு வந்தது. அதில் முகவரி இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, கையெழுத்துகூட இல்லை. அதை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டாமா?

முதல் பெரிய மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடித்தது. எங்கள் ஹால் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. இத்தனை வருடத்தில் அந்த ஜன்னலில் நாலு சொட்டுக்கு மேல் தண்ணீர் வந்ததில்லை. அன்றைக்கு ஷட்டர் ஓடும் கீழ் டிராக்கில் விளிம்பு வரைக்கும் நின்று, சோபாவுக்குப் பின்னால் சுவரோடு வழிந்தது. பிளக் பாயின்ட் ஒரு சாண் தள்ளி இருந்ததால் தப்பித்தோம்.

உடனே போன் செய்தேன். "வண்டி ஓட்டிட்டு இருக்கேன் சார், அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. மறுநாள், "மழை விடட்டும் சார், ஈரத்துல சிலிக்கான் ஒட்டாது." மழை விட்டது. "பசங்க தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்காங்க." தீபாவளியும் போனது. "இயற்கைக்கு நாம என்ன சார் பண்ண முடியும்?" இதைச் சொன்னபோது பின்னால் டீக்கடைச் சத்தம் கேட்டது. அப்புறம் வீடியோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன், நீல டிக் மட்டும் விழுந்தது. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அம்மா போனிலிருந்து அடித்தால் எடுக்கிறார், "தம்பி" என்று அம்மா ஆரம்பித்ததும் வைத்துவிடுகிறார். ஆப்பின் கஸ்டமர் கேரில், "உங்கள் புக்கிங் உங்களாலேயே ரத்து செய்யப்பட்டிருக்கிறது" என்று ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்.

நேற்று எங்கள் தெருமுனையில் அலுமினிய வேலை செய்யும் பெரியவரை அழைத்து வந்தேன். ஷட்டரைத் தூக்கிக் கழற்றினார், டிராக்கைத் தடவினார், சிரித்துவிட்டார். டிராக்கில் விழும் மழைத் தண்ணீர் வெளியே போக அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். அந்தப் பையன்கள் அதையெல்லாம் இடுக்கு என்று நினைத்து சிலிக்கான் வைத்து அடைத்திருக்கிறார்கள்! பெரியவர் கட்டரை விட்டு நெம்ப, சுண்டுவிரல் அளவுக்கு வெள்ளையாக ஒரு துண்டு வெளியே வந்தது. பின்னாலேயே தேங்கியிருந்த தண்ணீர் கடகடவென்று இறங்கியது. பத்து நொடி. 23,400 ரூபாய்க்கு நான் வாங்கிய பொருள் அந்தத் துண்டுதான். டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிரஷ் மாற்றவே இல்லை. பழைய மொட்டைப் பிரஷ் மேல் கறுப்பு ஸ்பாஞ்ச் டேப்பை ஒட்டியிருக்கிறார்கள், ஒரே மாதத்தில் அது கழன்று சிப்ஸ் மாதிரி சுருண்டு நிற்கிறது. அந்த ஊறுகாய் வாடைக்கும் பெரியவர் காரணம் சொன்னார். அது அமில வகை சிலிக்கான், விலை கம்மி, கண்ணாடிக்குச் சரி. சிமெண்ட் சுவரில் சரியாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே அமில வாடை இல்லாத நியூட்ரல் வகைதான் போட வேண்டுமாம். ஐந்து ஜன்னலுக்கும் பிரஷ் மாற்ற, கூலியோடு அவர் கேட்டது 3,200. எனக்கு அழுகை வராத குறை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் பதிந்திருக்கிறேன். கையில் பில் கிடையாது, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் பேச்சும்தான். நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போவேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓயவில்லை ஆனால் நேரம் இல்லை. ஆப்பில் புக் செய்ததைக் கேன்சல் செய்யச் சொன்னால் ஆளை வெளியே அனுப்புங்கள். ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் இல்லாமல் பைசா கொடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். முடிந்ததும் டிராக்கில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி வெளியே போகிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பெரியவர் ஹால் ஜன்னலை மட்டும்தான் பார்த்தார், மற்ற நாலுக்கும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். மறுபடி தூறல் பிடித்துவிட்டது. பெட்ரூம் டிராக் பாதி நிரம்பிவிட்டது என்று அம்மா கூப்பிடுகிறார், வேட்டியை எடுத்துக்கொண்டு போகிறேன்.