ஈட்ரெக்ஸ் 22எக்ஸா, 32எக்ஸா?

கார்மின் நிறுவனத்தின் இந்த இரண்டு கையடக்க ஜிபிஎஸ் கருவிகளும் 2019-ல் வந்தவை. வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2.2 அங்குலத் திரை, 8 ஜிபி நினைவகம், இரண்டு ஏஏ பேட்டரியில் 25 மணி நேரம் வரை ஓட்டம், கையுறையோடும் அழுத்தக்கூடிய பட்டன்கள். ஜிபிஎஸ், அதன் ரஷ்ய இணையான குளோனாஸ் என இரண்டு செயற்கைக்கோள் அமைப்புகளின் சிக்னலையும் பிடிக்கும்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது. 32எக்ஸில் மின்னணுத் திசைகாட்டியும், காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைக் கணிக்கும் காற்றழுத்த உயரமானியும் கூடுதல். 22எக்ஸ் நீங்கள் நடந்தால்தான் திசையைக் கணிக்கும். நின்றுவிட்டால் அதன் அம்புக்குறியை நம்ப முடியாது. மூடுபனியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று யோசிப்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. 32எக்ஸ் நின்ற இடத்திலேயே திசை காட்டும். ஆனால் பேட்டரி மாற்றியதும் திசைகாட்டியை மறுபடி சரிசெய்ய வேண்டும், அதை மறக்காதீர்கள்.

உயரம்? செயற்கைக்கோள் கணக்கில் உயரம் எப்போதும் இடத்தைவிடத் தடுமாறும். 32எக்ஸின் காற்றழுத்த உயரமானி ஏற்ற இறக்கத்தைச் சீராகப் பதியும். ஒரே இடத்தில் முகாமிட்டிருக்கும்போது அழுத்தம் மளமளவென இறங்கினால், மோசமான வானிலை வருகிறது என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். சரி, வானிலை மாறினால் உயரக் கணக்கும் பிசகும். உயரம் தெரிந்த இடத்தில் அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டும்.

தெளிவான பாதையில் பகல்நடை போதும் என்றால் 22எக்ஸ். பாதையில்லாத மலைக்கு 32எக்ஸ்தான் என் தேர்வு. எதை வாங்கினாலும் காகித வரைபடமும் காந்த ஊசித் திசைகாட்டியும் பையில் இருக்கட்டும்.