மீடியா டிகிரியா, ஒரு வருஷ டிப்ளோமாவா, மார்க்கெட்டிங்கா? கொழும்புல எது வேலைக்கு ஆகும்

ஏ.எல் ரிசல்ட்ஸ் வந்தா போதும், வெள்ளவத்தைப் பக்கம் தெரிஞ்ச அன்ட்டி யாராவது "மகளுக்கு மீடியா செய்ய விருப்பமாம், எங்க போடலாம்"னு கேக்கத் தொடங்கிடுவாங்க. மீடியான்னா அவங்களுக்கு டிவில நியூஸ் வாசிக்கிறது மட்டும்தான், ஆனா இப்ப பேங்க், என்.ஜி.ஓ, விளம்பர ஏஜென்சி, அமைச்சுகள்ட ஊடகப் பிரிவுன்னு எல்லா இடத்திலயும் கொம்யூனிகேஷனுக்கு ஆள் வேணும், அந்த வேலைக்கு வர்ற பிள்ளைகள் என்ன படிச்சிட்டு வர்றாங்க, வந்து முதல் மாசம் எங்க முழிக்கிறாங்கன்னு பக்கத்துல இருந்து பாக்கிற ஆள் நான், அதனால மனசுல பட்டதைச் சொல்றேன்.

முதல்ல கம்பஸ் டிகிரி. களனில வெகுசனத் தொடர்பாடல் இருக்கு, கொழும்பு பல்கலைக்கழகத்துக்கு ஹொரணைல ஸ்ரீபாலி வளாகம் இருக்கு, யாழ்ப்பாணத்துல ஊடகக் கற்கைகள் இருக்கு. அரச கம்பஸ்னா ஃபீஸ் இல்ல, ஆனா ஏ.எல் மார்க்ஸை வச்சுக் கணிக்கிற இசட் ஸ்கோர் வரணும், எந்த மொழில படிப்பிக்கிறாங்கன்னு அப்ளை பண்ண முதல் விசாரிக்கணும். தியரிதான் நிறையன்னு எல்லாரும் குறை சொல்லுவாங்க, நான் அப்பிடி சொல்ல மாட்டேன். நிகழ்ச்சிநிரல் அமைப்புக் கோட்பாடுன்னு ஒண்டு, மெக்கோம்ப்ஸும் ஷாவும் 1972ல எழுதினது, பத்திரிகை எதைப் பெருசாக் காட்டுதோ அதைத்தான் சனமும் முக்கியம்னு நினைக்கும்கிறது அதிண்ட சாரம். இதை ஒழுங்கா படிச்ச பிள்ளைக்கு தோட்டச் சம்பளப் பிரச்சினை ஏன் ஒரு கிழமை முதல் பக்கத்துல இருந்திட்டு அப்பிடியே காணாமப் போகுதுன்னு யோசிக்கத் தெரியும். அதோட ஆய்வுக்கட்டுரை எழுதிப் பழகினதால, நூறு பக்க ரிப்போர்ட்டைக் குடுத்தாலும் பயப்படாம வாசிச்சு தேவையானதை எடுத்திடும், என்.ஜி.ஓ வேலைல பாதி அதுதான்.

பிரச்சினை எங்கன்னா எக்ஸாம்ல. "தொடர்பாடல் மாதிரிகளை விளக்குக"ன்னு கேள்வி வரும், பக்கம் பக்கமா எழுதி மார்க்ஸ் எடுக்கலாம், அதே பிள்ளைகிட்ட அரை மணித்தியாலத்துல 200 சொல்லுல ஒரு ஊடக அறிக்கை கேட்டா முதல் வரியே வராது.

டிப்ளோமா நிக்கிறது இந்த இடத்துலதான். இலங்கை இதழியல் கல்லூரி 2004ல தொடங்கினது, இலங்கை பத்திரிகை ஸ்தாபனத்துக்குக் கீழ, ஒரு வருஷ டிப்ளோமா, சிங்களம் தமிழ் இங்கிலிஷ் மூண்டிலயும். இந்த மாதிரி கோர்ஸ்ல முக்கியமானது சிலபஸ் இல்ல, எழுதினது சிவப்பு மையோட திரும்பி வாறதுதான்.

ஒரு உதாரணம் பாருங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திண்ட மண்சரிவு எச்சரிக்கை ஒண்டு சிங்களத்துல வருது, அதைத் தமிழ்ல செய்தியாக்கணும்னு வைங்க. புதுசா எழுதுற பிள்ளை எப்பிடித் தொடங்கும்? "நாட்டில் நிலவும் சீரற்ற காலநிலையைக் கருத்திற்கொண்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்..." அவ்வளவுதான், நல்ல ஆசிரியர்னா அந்த வரியை முழுசா வெட்டிடுவார். எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எச்சரிக்கை நிலை மஞ்சளா அம்பரா சிவப்பா, சிவப்புன்னா இப்பவே வெளியேறணும், இது முதல் வரில வரணும், நிறுவனத்திண்ட பேர் கீழ வந்தாப் போதும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்திண்ட 117 அவசர நம்பரும் விடுபடக்கூடாது. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்துல லயன் காம்பராக்கள் மண்ணுக்குள்ள போனப்ப, அந்த இடம் ஆபத்துன்னு வருஷக்கணக்கா முதலே சொல்லியிருந்தாங்கங்கிற பேச்சுதான் பிறகு எல்லா இடத்திலயும். சொன்னது சனத்துக்குப் போய்ச் சேர்ந்து, எழும்பிப் போக ஒரு இடமும் இருந்துதாங்கிறது வேற கேள்வி. இதை மனசுல வச்சுக்கொண்டு அந்த முதல் வரியை மூண்டு தரம் திருத்தி எழுதின பிள்ளைக்கு கோட்பாடு தெரியாட்டியும் வேலை தெரியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் (2016, 12ஆம் இலக்கம்) அப்பிடித்தான். கம்பஸ்ல சட்டத்தை விளக்கச் சொல்லுவாங்க. நல்ல டிப்ளோமா வகுப்புன்னா மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உண்மையாவே ஒரு விண்ணப்பம் போடச் சொல்லணும், 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு சட்டத்துல இருக்கு, ஒஃபிஸ்ல எந்த மேசைல அது தூங்குதுன்னு நடந்து திரிஞ்சு கண்டுபிடிக்கிறதுதான் பாடம்.

ஆனா டிப்ளோமாவை மட்டும் வச்சுக்கொண்டு மேல போறது கஷ்டம், மனேஜர் லெவல் வேக்கன்சின்னா பெரும்பாலும் டிகிரி கேப்பாங்க, அது நியாயமோ இல்லையோ.

மூண்டாவது மார்க்கெட்டிங் வழி, ஸ்லிம் (இலங்கை மார்க்கெட்டிங் நிறுவனம்), சி.ஐ.எம் (பிரிட்டன்ல உள்ள மார்க்கெட்டிங் நிறுவனம்) நடத்துற கோர்ஸ் மாதிரி. ஏஜென்சிக்குப் போறதுன்னா நல்லது, க்ளையன்ட் என்ன கேக்கிறார், யாருக்குச் சொல்றோம், பட்ஜெட் எவ்வளவுன்னு யோசிக்கப் பழக்கும். இதுல நான் காணுற குறை என்னன்னா, அங்க எழுத்துன்னாலே இங்கிலிஷ்தான், தமிழை யோசிக்கிறதே கடைசில, காலி வீதில நிக்கிற போர்ட்களைப் பாத்தாத் தெரியும், ஒற்றுப்பிழை இல்லாத ஒண்டைக் கண்டா நிண்டு ஃபோட்டோ எடுக்கலாம். தமிழ்ல ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச பிள்ளை இந்த வழியால போனா அங்க போட்டியே இல்லங்கிறதையும் சொல்லணும்.

என்னட்ட கேட்டா டிப்ளோமாவும் டிகிரியும் ரெண்டும்தான், முதல்ல டிப்ளோமா. ஏ.எல் எழுதி கம்பஸ் தொடங்கும்வரைக்கும் எப்பிடியும் மாசக்கணக்குல சும்மா இருக்கணும், அந்த இடைவெளில எழுதிப் பழகிட்டா பிறகு கம்பஸ்ல படிக்கிற தியரி எல்லாம் எங்கயோ ஒட்டும். பிஎம்ஐசிஎச்ல (பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்துல) கல்விக் கண்காட்சி நடக்கிறப்ப ஸ்டோல்ல குடுக்கிற பளபள புத்தகத்தை வாங்கிக்கொண்டு வராம, ஒரு கிழமைக்கு எத்தனை தரம் எழுத வைப்பீங்க, யார் திருத்துவாங்க, இன்டர்ன்ஷிப்பை நீங்களே எடுத்துத் தருவீங்களா இல்ல பிள்ளைதான் தேடணுமா, தமிழ்ல திருத்த ஆள் இருக்கான்னு கேளுங்க. கடைசிக் கேள்விக்கு "டிஜிட்டல்ல எல்லாம் இங்கிலிஷ்தானே"ன்னு பதில் வந்தா பக்கத்து ஸ்டோலுக்குப் போங்க.