ஹெர்ஜே மியூசியம்: பென்சில் தாள்களுக்காகவே போகலாம்

டின்டின் என்ற இளம் நிருபரின் காமிக்ஸ் கதைகளை வரைந்த பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜேயின் மியூசியம் இது. டின்டின் பொம்மைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த மியூசியம் சுமார்தான். ஒரு காமிக்ஸ் பக்கம் எப்படி உருவாகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

இருப்பது பெல்ஜியத்தின் லூவான்-லா-நூவ் நகரில், பிரஸ்ஸல்ஸிலிருந்து சுமார் 30 கி.மீ. ரயிலில் போனால் பெரும்பாலும் ஒட்டின்யீயில் மாற வேண்டும், ஸ்டேஷனிலிருந்து நடந்துவிடலாம். திங்கட்கிழமை விடுமுறை. முகவரி லாப்ரடோர் தெரு, 26. கதையில் டின்டின் குடியிருந்த அதே விலாசம்! லிஃப்டில் மேல்தளம் போய், அங்கிருந்து இறங்கிக்கொண்டே பார்க்க வேண்டும். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

பென்சில் தாள்களில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். ஓடுகிற ஒருவரின் காலை ஹெர்ஜே ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை போட்டுப் பார்ப்பார், தாளே கறுத்துவிடும். அந்தச் சிக்கலிலிருந்து சரியான ஒரு கோட்டை மட்டும் டிரேசிங் தாளில் எடுத்து, புதுத் தாளுக்கு மாற்றி, நிப் பேனாவால் மை போடுவார். நிழல் கோடுகள் கிடையாது. வண்ணத்தை மை போட்ட மூலத்தில் பூசுவதில்லை. வெளிர் நிறத்தில் அச்சிட்ட பிரதியில் தனியாகப் பூசுவார்கள். கறுப்புக் கோடு அச்சில் மங்காமல் நிற்பது அதனால்தான்.

1929ல் டின்டின் தொடங்கியபோது அவருக்கு வயது 21. 1934ல் பிரஸ்ஸல்ஸில் படித்துக்கொண்டிருந்த சீன மாணவர் ஜாங் சோங்ரென் பழக்கமானார். ஆதாரம் பார்த்து வரையும் பிடிவாதம் அதன்பின் வந்ததே. முன்பின் பக்கங்களை ஒப்பிட்டால் தெருப் பலகையின் எழுத்தில்கூட வித்தியாசம் தெரியும். 1942 முதல் 62 பக்க வண்ணப் புத்தகம் என்றானதும் பழைய கதைகளைச் சுருக்கித் திரும்ப வரைய வேண்டியிருந்தது. தனியாள் வேலையாக அது நடக்காது. 1950ல் ஸ்டுடியோ அமைத்தார். பாப் த மூர் போன்ற உதவியாளர்களின் கையைப் பின்னணிகளில் தேடிப் பாருங்கள்.

மூலத்தாள்கள் வெளிச்சத்தில் பழுதாகும் என்பதால் விளக்குகள் மங்கல். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துப் போகவும். தாள்களை அவ்வப்போது மாற்றி வைப்பதால், ஒரு குறிப்பிட்ட பக்கத்தை நம்பிப் போனால் ஏமாற வேண்டிவரும்.

இன்னொன்று: ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இயங்கிய லெ சுவார் நாளிதழில் 1940 முதல் 1944 வரை வரைந்ததற்காக, 1944 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் விடுதலையானதும் அவர் கைதானார், வேலை செய்யவும் தடை இருந்தது. 1946ல் டின்டின் வார இதழ்தான் அவரை மீட்டது. இந்த ஆண்டுகளைப் பற்றிப் படித்துவிட்டே உள்ளே போங்கள். படங்களின் அழகு மட்டும் அவற்றைச் சொல்லாது.