டீகோடர் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே பணம் அனுப்பாதீர்கள்

மாடல் ரயில் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நீளமாகத்தான் இருக்கும். ரிப்பேர் செய்து தருகிறேன் என்று வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டு ஆள் பிடிக்கிற ஒருவரிடம் என் எச்ஓ (ஒரு மாடல் அளவு) லோகோவை, அதாவது ரயில் இன்ஜினைக் கொடுத்து நான் பட்டது இது. புகார் ஓடிக்கொண்டிருப்பதால் பெயரோ ஊரோ போடவில்லை. ஆனால் அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு யார் இதே வழியில் வந்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

லோகோ ஒரு ஜிபி9 (அமெரிக்க டீசல் இன்ஜின் ஒன்றின் மாடல்), லைஃப்-லைக் கம்பெனியின் புரோட்டோ 2000 வரிசை. நியூஜெர்சியில் இருக்கும் என் அத்தை பையன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. உள்ளே இஎஸ்யு கம்பெனியின் லோக்சவுண்ட் 5 டீகோடர் (தண்டவாளம் வழியாக வரும் கட்டளையைப் படித்து மோட்டார், விளக்கு, சத்தத்தை இயக்குகிற சின்ன போர்டு), நல்ல ஸ்பீக்கர். நிஜ ஜிபி9-இன் 567 டீசல் இன்ஜின் சும்மா நிற்கும்போது எழுப்புகிற சத்தத்துக்காகவே சில நாள் ரயிலை ஓட்டாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

கோளாறு என்னவென்றால், மெதுவாக ஓட்டினால் சீரான இடைவெளியில் 'டக்... டக்...' என்று ஓர் இடறல். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு டக். சில பாயிண்டுகளில் (தடம் பிரியும் இடங்களில்) ஏறும்போது தடம் புரளும். புரோட்டோ 2000 வைத்திருக்கிற யாரிடம் சொன்னாலும் கேட்டவுடனே சொல்வார்கள், ஆக்சில் கியரில் விரிசல் என்று. இந்த லோகோக்களில் ஒவ்வொரு ஆக்சிலின் நடுவிலும் ஒரு பிளாஸ்டிக் கியர் இருக்கும், அதன் துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் சக்கரத்தின் அச்சை இறுக்கிச் செருகியிருப்பார்கள். அந்த இறுக்கத்திலேயே வருடக்கணக்காக இருந்து பிளாஸ்டிக் ஒரு நாள் நீளவாக்கில் பிளந்துவிடும். பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாலும் பிளக்கும். பிளந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடும், அந்த இடம் அடுத்த கியரில் மாட்டும்போதெல்லாம் இடிக்கும். அச்சும் தளர்ந்து இரண்டு சக்கரங்களுக்கு நடுவே உள்ள அளவு மாறிப்போகும், பாயிண்டில் கவிழ்வது அதனால்தான்.

இதற்கு மருந்தும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆத்தர்ன் கம்பெனியின் 60024 என்ற கியர் அப்படியே பொருந்தும். சென்னையில்தான் கிடைக்கவில்லை. "ஸ்டாக் இருக்கு சார், நாலு கியரும் மாத்தி, க்ரீஸ் வெச்சு, ஃபுல் சர்வீஸ் 1,800 ரூபாய்" என்றார் அவர். நியாயமான தொகைதான், லோகோவைக் கூரியரில் அனுப்பினேன்.

கிடைத்துவிட்டது என்று ஒரு தம்ஸ்-அப் வந்தது, அதோடு சரி. பல நாள் கழித்துத்தான் போன் வந்தது. "சார், மோட்டார் போச்சு சார். டீகோடரும் எரிஞ்சிருக்கு. கியர் எல்லாம் சின்ன விஷயம் சார், மெயின் போர்டே அவுட்டு." மொத்தமாக 14,500 ரூபாய் ஆகும், புது லோக்சவுண்டே போட்டுத் தருகிறேன் என்றார். பஞ்சர் ஒட்டக் கொடுத்த சைக்கிளுக்கு ஃபிரேம் போய்விட்டது என்று சொல்வதுபோல் இருந்தது எனக்கு.

ஏன் நம்பவில்லை என்றால், கூரியரில் போடுவதற்கு முந்தைய இரவுதான் அந்த லோகோவை புரோகிராமிங் டிராக்கில் (டீகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள தனித் தண்டவாளத்தில்) வைத்து எல்லா சிவிகளையும் (அந்த அமைப்புகளின் எண்களை) படித்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். புரோகிராமிங் டிராக்கில் ஒரு சிவியைப் படிக்கும்போது டீகோடர் எப்படிப் பதில் சொல்கிறது என்று பலர் யோசிப்பதே இல்லை. பெரும்பாலான டீகோடர்கள் மோட்டாருக்கு ஒரு சின்ன மின் துடிப்பு விடும், சுமார் 6 மில்லிசெகண்ட், குறைந்தது 60 மில்லிஆம்பியர். அந்தக் கூடுதல் இழுப்பைத்தான் கமாண்ட் ஸ்டேஷன் (ரயிலுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்ளும், அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் தரநிலையே அப்படித்தான் சொல்கிறது. படிக்கும்போது லோகோ லேசாகத் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இது. ஆக சிவி ஒழுங்காகப் படிக்கிறது, துள்ளுகிறது என்றால் டீகோடருக்கு உயிர் இருக்கிறது, மோட்டாருக்கும் மின்சாரம் போகிறது. இரண்டும் சேர்ந்து கூரியர் வண்டியில் எப்படி எரியும்? அவரிடமே கேட்டேன். "டிரான்சிட்ல அடி பட்டிருக்கும் சார்" என்றார். அடிபட்டால் கைப்பிடிக் கம்பி உடையும், கப்ளர் உடையும். டீகோடர் எரிய மின்சாரம் வேண்டாமா? தெர்மோகோல் பெட்டிக்குள் ஏது மின்சாரம்?

அப்புறம் பேச்சு மாறியது. பிரித்த நிலையிலேயே திருப்பி அனுப்புகிறேன், ஆனால் பார்த்ததற்கே 3,000 ஆகும், எந்த ஸ்க்ரூவுக்கும் நான் பொறுப்பில்லை என்றார். லோகோ அவர் மேஜையில் கிடக்கிறது. வேறு வழியில்லாமல் புது டீகோடருக்கும் மோட்டாருக்கும் அவர் கேட்ட தொகையை யூபிஐயில் அனுப்பினேன். பழைய டீகோடரையும் பழைய மோட்டாரையும் கூடவே அனுப்பச் சொல்லி எழுத்திலேயே கேட்டேன், "ஓகே சார்" என்று பதிலும் போட்டார். அந்த ஸ்கிரீன்ஷாட் பத்திரமாக இருக்கிறது.

பெட்டி வந்தது. பழைய பாகம் எதுவும் இல்லை. திறந்ததுமே மூக்கைத் துளைக்கிற வாசனை, கதவுக் கீலுக்கு அடிக்கிற டபிள்யூடி-40 வாசனை. அதை லோகோவில் அடிக்கவே கூடாது. இறுகிப்போன போல்ட்டுக்கும் துருவுக்கும் உள்ளது அது, கியர் பெட்டிக்கு இல்லை. எல்லா இடத்துக்கும் பரவி, தூசியைப் பிடித்துக் கரியாக்கிவிடும். பிளாஸ்டிக்குக்குப் பாதகமில்லாத எண்ணெய் ஊசிமுனையில் ஒரு துளி, கியருக்கு அதற்கான க்ரீஸ் கொஞ்சம், அவ்வளவுதான் ஒரு லோகோவுக்குத் தேவை. இவர் அடித்தது சக்கரம் வழியாக வடிந்து, ஒரு சுற்று ஓட்டியதுமே என் லேஅவுட்டின் (வீட்டில் அமைத்த ரயில் பாதையின்) பாதித் தண்டவாளம் வழுக்கியது. மற்ற லோகோக்களும் அதன்மேல் ஓடி எண்ணெயை வாங்கிக்கொண்டன. ரிச்சி தெருவில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கிவந்து துணியால் ஒவ்வொரு அடியாகத் துடைத்து, சக்கரங்களுக்கு டிஷ்யூ பேப்பரை ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு அதன்மேல் ஓடவிட்டு... அந்த வாரம் முழுக்க இதே வேலை.

முன்னே போகச் சொன்னால் லோகோ முன்னேதான் போனது, ஆனால் பின்விளக்கு எரிந்தது. இது நல்ல தடயம். சிவி 29-ஐப் படித்தேன், ஒற்றைப்படை எண். அதாவது 'திசையைத் தலைகீழாக்கு' என்ற பிட் (மோட்டாரையும் விளக்கையும் சேர்த்தே திருப்புகிற ஒரு சுவிட்ச் மாதிரி) போடப்பட்டிருக்கிறது. நடந்தது என்னவென்று அதிலேயே தெரிந்துவிட்டது: டீகோடரின் ஆரஞ்சு கம்பியும் சாம்பல் கம்பியும் மோட்டாருக்குப் போகிறவை, அவற்றை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார், லோகோ பின்னால் ஓடியிருக்கிறது, மறுபடி பிரித்துச் சரிசெய்யச் சோம்பல்பட்டு சிவியில் மறைத்துவிட்டார். விளக்குக்கான வெள்ளை, மஞ்சள் கம்பிகள் சரியாகவே இருந்ததால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்து சிவி 8. டீகோடரைத் தயாரித்தவர் யார் என்கிற எண் அதில் இருக்கும். படிக்க மட்டும்தான் முடியும், யாரும் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது (அதில் 8 என்று எழுதினால் பல டீகோடர்களில் ரீசெட் ஆகும், அது வேறு விஷயம்). இஎஸ்யு என்றால் 151. ஜிமோ 145, டிஜிட்ராக்ஸ் 129, லென்ஸ் 99. நான் அனுப்பும்போது 151 என்று எழுதி வைத்திருந்தேன். புது லோக்சவுண்ட் என்று சொல்லிப் பணம் வாங்கினாரே, அப்படியானால் 151தானே வர வேண்டும்? வரவில்லை. மலிவான வேறொரு சவுண்ட் டீகோடர், அதிலும் வேறேதோ இன்ஜினின் சத்தம். என் லோக்சவுண்ட் எரியவும் இல்லை, குப்பைக்குப் போகவும் இல்லை என்பதுதான் என் முடிவு. வேலை செய்கிற பொருளை யார் குப்பையில் போடுவார்கள்?

மோட்டார் மாற்றியதாகச் சொன்னார் அல்லவா, அதே பழைய மோட்டார்தான். ஃபிளைவீலில் நான் போட்ட பச்சை மார்க்கர் புள்ளிகூட அழியவில்லை.

கடைசியாக போகியின் (சக்கரங்கள் உள்ள அடித்தொகுதியின்) அடிமூடியைக் கழற்றிக் கியரைப் பார்த்தேன். இவ்வளவுக்கும் காரணமான கியர், 1,800 ரூபாய்க்கு மாற்றித் தருகிறேன் என்ற கியர். அதே பழைய கியர்கள்தான், விரிசலில் ஃபெவிக்விக் விட்டிருந்தார். அந்த வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பசை ஒட்டாது. ஒட்டினாலும் உள்ளேயிருந்து அச்சு நெம்பிக்கொண்டே இருப்பதால் திரும்பப் பிளக்கும். ஒரு கியரில் பசை பல்லுக்கு நடுவிலும் வழிந்து கட்டியாகிக் கிடந்தது.

இதை நான் சொன்னபோது கோயம்புத்தூரில் இருக்கும் நண்பர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் வீட்டு லேஅவுட்டுக்கு வயரிங் செய்ததும் இதே ஆள். லேஅவுட் முழுக்க மின்சாரம் கொண்டுபோகிற பஸ் வயருக்கு அழைப்புமணிக்குப் போடுகிற மெல்லிசு வயர், அதிலிருந்து தண்டவாளத்துக்கு வரும் ஃபீடர் ஒன்றோ இரண்டோ, மீதியெல்லாம் தண்டவாளத் துண்டுகளை இணைக்கிற ஜாயினரை நம்பி. வேண்டுமென்றே ஷார்ட் செய்து பார்க்க ஒரு ரூபாய் நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள் என்று சொன்னேன். தண்டவாளத்துக்கு மின்சாரம் தருகிற பூஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தபோது மின்சாரம் சட்டென்று கட் ஆனது. கடைக்கோடியில் வைத்தபோது கட் ஆகவே இல்லை, நாணயம் சூடேறிக்கொண்டே போனது. இது விளையாட்டில்லை. அங்கே ஒரு லோகோ தடம் புரண்டு ஷார்ட் ஆனால் அந்த மின்சாரம் அத்தனையும் ஸ்லீப்பர் பிளாஸ்டிக்கையும் போகியையும் உருக்கும். போதாததற்கு, தண்டவாளத்தை இரும்புப் பஞ்சால் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து உதிர்கிற மயிரிழை போன்ற இரும்புத் தூள் நேராக மோட்டார் காந்தத்துக்குத்தான் போகும். நண்பரின் இரண்டு லோகோ இப்போது உறுமுகின்றன, நகரவில்லை.

இந்த ஆட்கள் பிழைப்பதற்கு நம் ஊர் நிலைமையும் காரணம். இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70. மாடல் ரயிலும் அதே தலைப்பில்தான் வருகிறது. சின்ன கியர் பாக்கெட்டுக்குக்கூட யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது "ஸ்டாக் இருக்கு சார்" என்று ஒருவர் சொன்னால் மனசு இளகத்தான் செய்யும்.

சரி, யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கொடுப்பதற்கு முன் இவற்றைச் செய்துவிடுங்கள். சிவி 7, 8, 29 மூன்றையும் படித்து, அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாடியைக் கழற்றி டீகோடர், மோட்டார், ஸ்பீக்கர் மூன்றையும் படமெடுங்கள், கண்ணில் படாத இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். லோகோ ஓடுகிற வீடியோவும் எடுங்கள், கோளாறின் சத்தம் அதில் கேட்க வேண்டும். மோட்டார் போய்விட்டது என்று அவர் சொன்னால், டீகோடரிலிருந்து மோட்டார் கம்பிகளைப் பிரித்துவிட்டு 9 வோல்ட் பேட்டரியை நேரடியாக வைத்து ஓட்டி வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். பிரிக்காமல் பேட்டரி வைத்தால் நல்ல டீகோடரும் செத்துவிடும், அதை அவருக்கும் சொல்லிவிடுங்கள். டீகோடர் எரிந்தது என்றால் காரணம் கேளுங்கள். மோட்டார் முனை சேசிஸைத் தொட்டது, கம்பி நசுங்கியது என்று ஏதாவது இருக்க வேண்டும், மல்டிமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். காரணம் சொல்லத் தெரியாதவர் கையில் சால்டரிங் அயர்ன் இருப்பதே ஆபத்து.

என் புகார் விவரம்: முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதில் அவர் பதிலே சொல்லவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இ-ஜாக்ரிதி தளத்தில் போட்டிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. அவர் என்னைப் பிளாக் செய்துவிட்டார், குழுவில் கேட்டதற்கு "கஸ்டமர் சைடு மிஸ்டேக்" என்று ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறிவிட்டார். கியர்களை அத்தை பையனே அனுப்பிவிட்டான், பழையதை உருவிப் புதியதைச் செருகி, என்எம்ஆர்ஏ கேஜ் வைத்துச் சக்கர இடைவெளியைச் சரிபார்த்தாகிவிட்டது. டக் சத்தம் இல்லை. 567 சத்தமும் இல்லை.

ஒரு வேண்டுகோள். சமீபத்தில் யாராவது பழைய லோக்சவுண்ட் 5 டீகோடரை, அதிலும் ஜிபி9 சத்தத்தோடு, குழுக்களில் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால் தயவுசெய்து அதன் சிவி 105, சிவி 106 இரண்டையும் படித்துப் பாருங்கள். சொந்தக்காரர் தன் அடையாளத்துக்கு எண் போட்டுக்கொள்ளத்தான் அந்த இரண்டு சிவிகளும், நான் போட்டிருந்தேன். ரீசெட் செய்யாமல் விற்றிருந்தால் இன்னும் அதிலேயே இருக்கும். என் எண்களை இங்கே போடமாட்டேன். நீங்கள் படித்ததைத் தனியாக எனக்கு எழுதுங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன். டீகோடரைத் திருப்பிக் கேட்கமாட்டேன், நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது. அவரிடமிருந்து வாங்கியதற்கான பணப் பரிமாற்ற ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும், ஆணையத்தில் கொடுக்க வேண்டும்.