தென்னாப்பிரிக்கச் சட்டத் தளங்கள்: எதை எதற்கு நம்பலாம்?

கோயிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு செய்யவில்லை. உயில் எழுதாமலே கணவர் இறந்துவிட்டார். மனைவிக்குச் சொத்தில் பங்கு உண்டா? டர்பன் பக்கத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்லாத இந்தக் கேள்வியை வைத்தே இலவசச் சட்டத் தளங்களை எடைபோடலாம்.

அரசின் பொதுத் தளத்தில் சட்டங்கள் அரசிதழில் வந்தபடியே கிடைக்கும். திருத்தங்கள் தனித்தனிப் பக்கங்களில் இருக்கும். சேர்த்துப் படிப்பது நம் வேலை. பெரிய ஆபத்து அமலுக்கு வரும் தேதியில்தான். வாடகை வீட்டுச் சட்டத்தின் 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் (எண் 35) கையெழுத்தான பிறகும் பல ஆண்டுகள் அமலாகாமல் கிடந்தது. அதை நம்பி வீட்டுக்காரரிடம் வாதாடியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. இந்தத் தளம் மூலப் பிரதிக்கு மட்டும் உதவும்.

லா லைப்ரரி தளம் இந்தக் குறையை நன்றாகவே தீர்க்கிறது. திருத்தங்களைச் சேர்த்த உரை, திருத்த வரலாறு, அமலான தேதி எல்லாம் ஒரே பக்கத்தில் உள்ளன. எந்தத் தேதிவரை புதுப்பித்த உரை என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

ஆனால் தாலிக் கேள்விக்குச் சட்ட உரை மட்டும் போதாது. 1987-ஆம் ஆண்டின் 81-ஆம் எண் வாரிசுச் சட்டம் அச்சானபோது, இந்து முறைத் திருமணம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பங்கு உண்டு என்று சொன்னது டர்பன் உயர் நீதிமன்றம்: கோவேந்தர் எதிர் ராகவையா (தீர்ப்புத் தொகுப்புக் குறியீடு 2009 (3) எஸ்.ஏ. 178). இத்தகைய தீர்ப்புகளுக்கு, நீதிமன்றத் தீர்ப்புகளை இலவசமாகத் தரும் சாஃப்லி தளம்தான் களஞ்சியம். பெயரையோ சொற்றொடரையோ மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கில் வந்து குவியும்.

சாஃப்லியில் ஒரு தீர்ப்பு மேல்முறையீட்டில் என்ன ஆனது என்பது பக்கத்தின் தலையிலேயே தெரியாது. பள்ளிக்கு மூக்குத்தி அணிந்து வந்த மாணவியின் வழக்கையே பாருங்கள். டர்பன் சமத்துவ நீதிமன்றத்தில் மாணவி தரப்பு தோற்றது, உயர் நீதிமன்றத்தில் வென்றது, கடைசியில் அரசியல் சாசன நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது (தீர்ப்புக் குறியீடு [2007] இசட்.ஏ.சி.சி. 21). நடுவில் ஒன்றை மட்டும் படித்து நிறுத்தக் கூடாது. அதே பெயரை மேல் நீதிமன்றங்களின் பட்டியலிலும் தேடிவிட்டே முடிவுக்கு வாருங்கள்.

தனியார் ஆலோசனைப் பக்கங்களுக்கு ஒரு சோதனை உண்டு. சிறு வழக்கு நீதிமன்றத்தில் கோரக்கூடிய தொகையின் வரம்பு 15,000 ராண்ட் என்று போட்டிருந்தால் மூடிவிடுங்கள். 2019 ஏப்ரல் முதல் அது 20,000.

வேலை நீக்கத்துக்கு, தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.வின் தளம் தெளிவானது, புகார் கொடுக்கும் படிவம் 7.11-உம் அங்கேயே உண்டு. வேலை நீக்கம் நடந்த பிறகு புகார் கொடுக்க உள்ள 30 நாள் கெடுவில் சனி, ஞாயிறும் சேரும். படிவத்தின் பிரதியை முதலாளிக்குக் கொடுத்ததற்கான சான்றையும் இணைக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். கெடு தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் எழுதித் தனியாக மன்னிப்பு கோர வேண்டும், அதை ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயம் சி.சி.எம்.ஏ.வுக்கு இல்லை.