பத்மினியில் பச்சைக் கூலன்ட்: என்ஜினுக்கு நல்லது, போர்டிகோவுக்குக் கெட்டது

என் பத்மினி கார் ரேடியேட்டரில் நான் ஊற்றும் கூலன்டைப் பற்றி, அம்பாசிடர் வைத்திருக்கும் நண்பன் கேட்டான்: "மாப்ள, மார்கழியிலயும் ஃபேன் போட்டுத் தூங்குற ஊர்ல ஆன்டிஃப்ரீஸ் எதுக்குடா? கொடைக்கானல்ல விக்க வேண்டியத நம்ம தலையில கட்டுறாய்ங்க."

பாதி சரி. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்பது மதுரைக்காரனுக்குக் காலணா பிரயோஜனமில்லாத தகவல். கொடைக்கானலிலேயே புல்வெளியில் உறைபனி படிவதோடு சரி. நான் ஊற்றுவது அந்த டப்பாவில் கிளைக்காலோடு (உறையாமல் காக்கும் திரவம் அதுதான்) சேர்ந்து வரும் துருத் தடுப்பு மருந்துக்காக.

பத்மினியின் 1089 சிசி என்ஜினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ரேடியேட்டர் செம்பும் பித்தளையும்; அதை ஒட்டியிருப்பது ஈயப் பற்று. இத்தனை உலோகத்தையும் உப்புப் போர்த் தண்ணீரில் ஊறப்போட்டால் உள்ளே ஒரு பேட்டரியே உண்டாகிவிடும், முதலில் கரைவது அலுமினியம். முன்பு போர்த் தண்ணீர்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். மேல் ஹோஸைக் கழற்றினால் அலுமினியக் கழுத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் குழி. அந்தக் குழியில்தான் ஹோஸ் கிளிப் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது.

நம்ம ஊருக்குக் குளிர்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். வண்டி வெளியே போகாது. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் அதிகம் துருப்பிடிக்கும். தண்ணீரை வடித்துவிட்டு நிறுத்தலாமே என்பார்கள். வேண்டாம், ஈர இரும்பில் காற்றுப் பட்டால் இன்னும் சீக்கிரம் போகும். கூலன்டைக் கழுத்து வரை நிரப்பி, தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் கூலன்டுக்கு வழிவிடும் வால்வு) திறந்து மருந்து எல்லா இடமும் சுற்றி வரும் வரை என்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களிடம் பேச எனக்குப் பொறுமை இல்லை.

எந்த வகை? நிறத்தை நம்பாதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். ஆர்கானிக் ஆசிட் வகை ஐந்து வருஷம் வரை வரும் என்பார்கள். ஆனால் பழைய ஈயப் பற்றுக்கும் பழைய கேஸ்கெட்டுக்கும் அது ஒத்துவராது என்ற பேச்சு பழைய வண்டிக்காரர்களிடம் பலமாக உண்டு. எதற்கு வம்பு என்று சிலிக்கேட் சேர்த்த பழைய வகையோடு நின்றுகொண்டேன். அது இரண்டு வருஷம்தான் தாங்கும். அதற்கு மேல் விட்டால் மருந்து தீர்ந்து, கிளைக்காலே அமிலமாகித் திருப்பி அரிக்க ஆரம்பிக்கும். நிறம் மட்டும் பச்சையாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. கலக்க பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர். போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியம், பாஸ்பேட் உள்ள கூலன்டோடு சேர்ந்தால் ரேடியேட்டர் குழாயில் படிவாக இறங்கும்.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. இப்போது வயிற்றெரிச்சல்.

ஒழுகுகிறது. தண்ணீர் இருந்தவரை ஒரு சொட்டு விழாத வண்டி, கூலன்ட் ஊற்றிய நாளிலிருந்து ஏதாவது ஓர் இணைப்பில் கசிந்துகொண்டே இருக்கிறது. கீழ் ஹோஸை அடைத்தால் வாட்டர் பம்ப், பம்பைப் பார்த்தால் வடிகுழாய்த் திருகு. இதுவரை ஓட்டைகளை அடைத்து வைத்திருந்ததே துருவும் உப்பும்தான். புதுச் சரக்கு அதைக் கழுவிவிடுகிறது, தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழைகிறது. காரணம் புரிகிறது, கோபம் போகவில்லை. தரையில் விழுந்தது காய்ந்தாலும் பிசுபிசுக்கும். அதைவிடப் பயம், அது இனிக்கும். தெரு நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும். நாய் பேச்சியைப் போர்டிகோ பக்கமே விடுவதில்லை. ஒவ்வொரு காலையும் வாளியும் துணியுமாக நான்.

போன மாதம் பம்ப் மாற்றும்போது மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "தம்பி, தண்ணி ஊத்தி ஓட்டுனப்ப நிம்மதியா இருந்தீங்கள்ல?" என்றவர், கழற்றிய துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார். உள்ளே இரும்பு கறுப்பாக, வழவழவென்று, விரலில் ஒட்ட ஒரு துணுக்குத் துரு இல்லை. முன்பு இதே இடத்தில் ஸ்குரூடிரைவரால் செதில் செதிலாகப் பெயர்த்தவர் அவர்.

கூலன்டுக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் இன்றைக்கு இரண்டு. தரை துடைத்த கையோடு எழுதுகிறேன். அடுத்த மாற்றத்துக்கான டப்பா ஷெல்ஃபில் வாங்கி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாப்ள, உன் அம்பாசிடருக்கு ஹெட்டும் இரும்புதான், அலுமினியக் கவலை உனக்குக் குறைவு. ஊற்றுவதென்றால் முதலில் ரேடியேட்டரைக் கழுவி, ஹோஸ் அத்தனையும் கிளிப்போடு புதுசாகப் போடு. அப்புறமும் ஒழுகும். அப்போது எனக்குப் போன் போடாதே.