கலர் பிலிம் என்று சொல்லி சினிமா பிலிமை விற்று 456 வெள்ளியைச் சுருட்டிவிட்டான், வாங்கும் முன் இதைப் படியுங்கள்

456 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது. கோபம் அடங்கிய பிறகு எழுதலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அடங்கிவிட்டால் எழுத மாட்டேன், எனக்குத் தெரியும், அதனால் இப்போதே எழுதுகிறேன். பிலிம் கேமராவில் படம் எடுக்கும் நம் ஆட்கள், அதிலும் என்னைப் போலச் சின்ன ஊரில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் தபாலில் வரவழைப்பவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். இந்த மாதிரி பிலிமை எப்படி அடையாளம் காண்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம். இங்கே ஸ்டூடியோ என்றால் இப்போது பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும்தான், பிலிம் கழுவித் தர ஆள் இல்லை. அதனால் வீட்டிலேயே கழுவிக்கொள்கிறேன். மாமா கொடுத்த பென்டாக்ஸ் கே1000 கேமரா, பிலிமைச் சுற்றி வைக்கும் ரீல் இரண்டு பிடிக்கிற கழுவும் டேங்க், இருட்டுப் பை, தெர்மாமீட்டர், இவ்வளவுதான் சாமான். நம்ம ஊர்ச் சூட்டில் கறுப்பு வெள்ளை கழுவ 20 டிகிரிக்குத் தண்ணீரை இறக்க ஐஸ் வேண்டும், கலருக்கு நேர்மாறாக 38 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது பிலிம் விலைதான். கடையில் நான் கேட்ட இடத்திலெல்லாம் ஒரு கலர் ரோல் 50 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள்.

தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. பால்மரமெல்லாம் எப்போதோ செம்பனை ஆகிவிட்டது, லயத்தில் பாதி வீடு காலி, அடுத்த திருவிழா இதே இடத்தில் நடக்குமா என்று நிர்வாகத்தையும் கேட்டுப் பார்த்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் கரகம், பால்குடம், தீமிதி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பிலிமில் எடுத்து வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பழைய சாமான், புதுச் சாமான் எல்லாம் விற்கிற கைப்பேசிச் செயலி ஒன்றில் (பெயர் சொல்லப் போவதில்லை, எல்லார் கைப்பேசியிலும் இருப்பதுதான்) ஒருவன் ஐஎஸ்ஓ 200 (வெளிச்சத்தைப் பிடிக்கும் வேகத்தின் எண்) கலர் பிலிம், புதுசு, ஒரு ரோல் 38 வெள்ளி என்று போட்டிருந்தான். 12 ரோல், 456 வெள்ளி.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அட்டைப் பெட்டி ஏன் இல்லை என்றேன். மொத்தமாக வெளிநாட்டிலிருந்து எடுக்கிறோம் அண்ணே, பெட்டியோடு வந்தால் தபால் செலவு கட்டாது என்றான். சாதாரண சி-41 (கடைகளில் கலர் நெகட்டிவ் கழுவும் வழக்கமான முறை) கலர் பிலிம்தானே என்று எழுத்தில் கேட்டேன். "ஆமாண்ணே, எந்தக் கடையிலயும் கழுவலாம், வீட்டுலயும் கழுவலாம்" என்று எழுத்திலேயே பதில் தந்தான், அது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐஸ்பெட்டியில் ரோல்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்த படத்தை அனுப்பினான். எந்தத் தோட்டம் அண்ணே என்று கேட்டு, நானும் தோட்டத்துப் பையன்தான், அம்மா பால்மரம் வெட்டித்தான் எங்களை வளர்த்தாங்க, திருவிழாப் படம் எடுக்கிறீங்கன்னா தபால் செலவை நானே போட்டுக்கிறேன் என்றான். அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். அம்மா வெட்டுக்காட்டுக்குப் போன கதையைச் சொல்லி ஒருவன் ஏமாற்றுவான் என்று யார் நினைப்பார்கள்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, காசைக் கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பார்சல் வந்தது. டப்பா சுத்தம், லேபிள் சுத்தம், டிஎக்ஸ் கோடு கட்டங்கள் கூட அச்சடித்து ஒட்டியிருந்தான். கே1000 அந்தக் கோடைப் படிக்கிற கேமரா இல்லை, ஐஎஸ்ஓவை நாமே திருப்பி வைப்பது, அதனால் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. திருவிழா முழுக்க எடுத்தேன்.

கழுவும்போது டேங்கில் ஒரு ரீலில் நான் ஏற்கெனவே வைத்திருந்த நல்ல ரோல், இன்னொன்றில் இவன் விற்றது. டெவலப்பரை ஊற்றி, 3 நிமிடம் 15 விநாடி ஆட்டிவிட்டுத் திரும்பப் பாட்டிலில் ஊற்றினால் கன்னங்கரேல் என்று வருகிறது. சில பிலிம் கழுவும்போது சாயம் வரும்தான், பச்சையோ இளஞ்சிவப்போ வந்து பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. சட்டிக்கரியைக் கரைத்த மாதிரி, அடியில் மண்டி தங்கியது. பாட்டில் மொத்தமும் போச்சு, அந்த மருந்தில் இனி ஒன்றும் கழுவ முடியாது. பிலிமைக் காயப் போட்டால் இவனுடைய ரோல் முழுக்கக் கறுப்புத் திட்டு, பகலில் எடுத்த பால்குடம் எல்லாம் நீலம், முகங்கள் மங்கல். பக்கத்து ரீலில் இருந்த நல்ல ரோலிலும் கரித்துகள் ஒட்டிக்கொண்டது. பூசாரி கரகத்தைத் தூக்கும் படத்தில் சரியாக அவர் நெற்றி மேல் ஒரு பொட்டு, துடைத்தால் கீறல் விழுகிறது.

ஈப்போவில் பல வருடம் ஸ்டூடியோ வைத்திருந்த ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கழுவாத ஒரு ரோலின் நாக்கை (டப்பாவுக்கு வெளியே நீட்டும் பிலிம் முனை) இழுத்து, சோடா உப்பு கரைத்த தண்ணீரில் விரலை நனைத்து, பின்பக்கம் தேய்த்தார். விரல் கறுப்பு. "இது சினிமா பிலிம் தம்பி, ரெம்ஜெட் இருக்கு பார்" என்றார். கழுவிய நெகட்டிவின் ஓரத்தில் 5219 என்ற எண்ணையும் காட்டினார். கோடாக்கின் விஷன்3 500டி, விளக்கு வெளிச்சத்தில் சினிமா எடுப்பதற்கான பிலிம். வெயிலில் எடுத்தால் நீலம் ஏறாமல் என்ன செய்யும்? சினிமா கேமராவுக்குள் விநாடிக்கு 24 படம் வேகமாக ஓடும்போது கீறல் விழாமல், மின்பொறி தட்டாமல், வெளிச்சம் பின்னாலிருந்து திரும்பிப் படத்தில் சிதறாமல் இருக்க இந்தப் பிலிமின் பின்பக்கம் கரி பூசியிருக்கிறார்கள், அதுதான் ரெம்ஜெட். அதைக் கழுவும் முறையே வேறு, இசிஎன்-2. முதலில் காரத் தண்ணீரில் ஊறவைத்துக் கரியை எடுத்துவிட்டுத்தான் டெவலப்பருக்கே போக வேண்டும். டெவலப்பரும் வேறு. இதைக் கடையில் கொடுத்து அவர்கள் கவனிக்காமல் மெஷினில் விட்டிருந்தால், வரிசையில் இருந்த மற்றவர்களின் பிலிமும் கெட்டிருக்கும். மங்கலுக்குக் காரணம் பிலிம் பழசு என்றும் ஐயா சொன்னார்.

சினிமா பிலிமை வெட்டிச் சுற்றி விற்பது குற்றம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சினிஸ்டில் 800டி என்று கடைகளில் விற்கும் பிலிமே இதே பிலிமிலிருந்து ரெம்ஜெட்டை நீக்கி விற்பதுதான். இன்ன பிலிம், இப்படிக் கழுவ வேண்டும் என்று லேபிளில் போட்டு நேர்மையாக விற்பவர்கள் இருக்கிறார்கள். இவன் வேறு பிலிமின் பெயரை ஒட்டி, எழுத்தில் பொய் சொல்லி விற்றான்.

கேட்டபோது முதலில், தண்ணீர் சூடு சரியில்லை அண்ணே என்றான். தெர்மாமீட்டர் படம் அனுப்பினேன். மருந்து பழசா இருக்கும் என்றான். 5219 தெரிகிற மாதிரி நெகட்டிவ் படம் அனுப்பினேன். நானும் ஒருத்தர்கிட்ட வாங்கித்தான் விற்கிறேன், எனக்கே தெரியாது என்றான். சரி, அவரிடம் கேட்டுக் காசைத் திருப்பிக் கொடு என்றேன். அப்புறம் பதில் இல்லை, இப்போது என்னை பிளாக் செய்துவிட்டான். செயலிக்காரர்கள் அவனுக்குமேல். முதலில் ரோபோ, அதைத் தாண்டி ஆள் கிடைத்தால், பொருளைத் திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது, பயன்படுத்திய பொருளை ஏற்க மாட்டோம் என்கிறார். ஐயா, பிலிமைப் பயன்படுத்தாமல் அது என்ன பிலிம் என்று எனக்கு எப்படித் தெரியும்? திருவிழா முடிந்து கழுவுவதற்குள் உங்கள் காலம் முடிந்துவிடுகிறதே? அதற்கு, "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று வெட்டி ஒட்டிய வரி ஒன்று வந்தது, புகாரையும் மூடிவிட்டார்கள். இப்படிப்பட்டவனுக்கு ஐந்து நட்சத்திரம் எப்படி வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. பார்சல் வந்த அன்றே எல்லாரும் நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள், கழுவிய பிறகு போய்ப் பார்ப்பவர் யார்? 456 வெள்ளி அவனுக்கு, தரகு செயலிக்கு, கரித்தண்ணி எனக்கு.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடப் போகிறேன். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள், வக்கீல் தேவையில்லை. இடிக்கிறது ஒன்றுதான், அவன் உண்மைப் பெயரும் விலாசமும் வேண்டும், பார்சல் மேல் கடைப்பெயரும் ஒரு தபால் பெட்டி எண்ணும்தான் இருக்கிறது. கேட்டால் செயலிக்காரர்கள் தரவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுதும்போதே மறுபடி ரத்தம் கொதிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பெட்டி இல்லாத ரோல் வந்தால் உடனே நாக்கை இழுத்துப் பின்பக்கம் பாருங்கள், பளபளப்பு இல்லாத கறுப்பாக இருந்தால் சோடா உப்புத் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், கரி வந்தால் கேமராவில் போடாதீர்கள், அன்றே திருப்பி அனுப்புங்கள். ஓரத் துளைகளின் பக்கவாட்டு விளிம்பு வளைந்திருந்தாலும் சந்தேகப்படுங்கள், சாதாரண பிலிமில் அது நேராக இருக்கும். தெரியாத ரோலை நல்ல ரோலோடு ஒரே டேங்கில் போடாதீர்கள். முக்கியமான நாளுக்கு முன் ஒரு ரோலை வீணாக்கியாவது கழுவிப் பாருங்கள்.

இதே ஆளிடம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் பார்சல் உறையைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து மனு போடலாம். இசிஎன்-2 கழுவத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள், தீமிதி எடுத்த ரோல்கள் இன்னும் கழுவாமல் இருக்கின்றன.